'உந்தம்': ஒரு கலைச்சொல்லின் வரலாறும் பள்ளி இயற்பியலும் – அந்தமான் நிக்கோபார் தீவுகளை முன்வைத்து

முன்னுரை

தமிழ்க் கலைச்சொல் வரலாறு பெரும்பாலும் சங்கங்களின் வரலாறாகவும் அகராதிகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்தக் குழு எந்த ஆண்டில் எத்தனை சொற்களை வெளியிட்டது என்பது பதிவாகியிருக்கும் அளவிற்கு, ஒரு தனிச்சொல் வகுப்பறையில் என்ன செய்கிறது என்பது பதிவாகவில்லை. இக்கட்டுரை உயர்நிலைப் பள்ளி இயற்பியலில் இடம்பெறும் 'உந்தம்' என்னும் சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் சொற்பிறப்பு, கருத்து வரலாறு, தமிழகத்திலும் இலங்கையிலும் அது பெற்ற துணைச்சொற்கள், கணக்கீட்டில் அவற்றால் விளையும் பயனும் இடரும் ஆகியவற்றை ஆராய்கிறது. ஆய்வுக்களமாக அந்தமான் நிக்கோபார் தீவுகள் கொள்ளப்படுகின்றன. இந்திய மொழிகள் பலவற்றின் கலைச்சொற்கள் அருகருகே புழங்கும் இடமாகவும், தமிழகத் தமிழரும் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழரும் குடியமர்ந்த இடமாகவும் இத்தீவுகள் விளங்குவதே இதற்குக் காரணமாகும்.

தீவுகளும் தமிழும்

நிக்கோபார்த் தீவுகள் தமிழுக்குப் புதியன அல்ல. முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, 1025-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த கடற்படையெடுப்பில் வெல்லப்பட்ட இடங்களுள் ஸ்ரீவிசயத்தோடு மாநக்கவாரத்தையும் குறிப்பிடுகிறது. நக்கவாரம் என்பது நிக்கோபாரே என்பது வரலாற்றறிஞர் பலரும் ஏற்ற கருத்து. 1858-இல் ஆங்கிலேயர் தண்டனைக் குடியிருப்பை நிறுவியபின், தலைநகரான போர்ட் பிளேயரைச் சூழ்ந்து பன்மொழிச் சமூகம் ஒன்று உருவாயிற்று. அந்நகரம் 2024-இல் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்கள் ஏறத்தாழ 3.8 இலட்சம் பேர். அவர்களுள் வங்காளத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 28 விழுக்காடு. இந்தி 19 விழுக்காடு. தமிழ் 15 விழுக்காடு. தெலுங்கு 13 விழுக்காடு. அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம், இந்தி ஆகியவற்றோடு தமிழ், தெலுங்கு, வங்காளம் ஆகிய மொழிகளின் வழியிலும் வகுப்புகள் நடத்தப்பட்டு வந்துள்ளன. பள்ளிகள் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்துடன் இணைந்தவை. எனவே இங்குத் தமிழ்வழியில் பயிலும் மாணவர் சென்னையின் பாடத்திட்டத்தில் வளர்ந்த கலைச்சொல்லைத் தில்லியின் பாடத்திட்டத்தோடு பொருத்திக் கற்க வேண்டியவராகிறார்.

தமிழ் மக்களின் வருகையும் ஒருவழிப்பட்டதன்று. தமிழகத்திலிருந்து தொழிலுக்காக வந்தோர் ஒருபுறம் இருக்க, 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாக இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய குடும்பங்களுள் சில நிக்கோபார் தொகுதியின் கச்சால் தீவில் இரப்பர்த் தோட்டப் பணிக்கெனக் குடியமர்த்தப்பட்டன. இரு நாட்டுத் தமிழ் வழக்குகளும் ஒரே ஆட்சிப் பகுதிக்குள் வந்து சேர்ந்தமை கலைச்சொல் ஆய்வாளர் கருதத்தக்க செய்தியாகும்.

கருத்தின் வரலாறு

எறியப்பட்ட கல், கையை விட்டு நீங்கிய பின்னும் ஏன் தொடர்ந்து செல்கிறது என்னும் வினாவிலிருந்தே உந்தக் கருத்து தோன்றியது. இவ்வினாவை இந்திய மெய்யியலும் எழுப்பியுள்ளது. வைசேடிகர் குணங்களுள் ஒன்றான 'சம்ஸ்காரம்' என்பதை வேகம், பாவனை, திதித்தாபகம் என மூன்றாகப் பகுத்தனர். பிரசத்தபாதர் வேகத்தை, ஒரு செயலால் பொருளில் தோன்றி, குறித்த திசையில் மேலும் இயக்கங்களை விளைவித்து, திண்ணிய பொருளோடு சேர்தலால் அழியும் குணமாக விளக்குகிறார். நிலம், நீர், தீ, வளி ஆகியவற்றோடு மனத்திற்கும் வேகம் உண்டு என்பது அவர்தம் கொள்கை. தமிழில் வைசேடிகக் கொள்கையை மணிமேகலையின் சமயக்கணக்கர் தந்திறங்கேட்ட காதை எடுத்துரைக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கினார். ஆகவே, 'வேகம்' என்பது விரைவை மட்டும் குறிக்காமல், பொருளில் தங்கி அதனைச் செலுத்தும் குணத்தையும் குறித்த சொல்லாகத் தமிழ்ப் புலமை மரபில் முன்பே அறியப்பட்டிருந்தது.

ஐரோப்பாவில் பதினான்காம் நூற்றாண்டினரான புரிடான் இதனையொத்த கருத்தை முன்வைத்தார். பொருளின் அளவையும் அதன் விரைவையும் பெருக்கி வரும் தொகையை 'இயக்கத்தின் அளவு' எனக் கொண்டவர் டெக்கார்ட்டு. அவரது மெய்யியல் நூல் 1644-இல் வெளிவந்தது. ஆனால் அவர் திசையைக் கணக்கில் கொள்ளவில்லை. ஒரு கிலோகிராம் நிறையுள்ள இரண்டு களிமண் உருண்டைகள் நொடிக்கு 3 மீட்டர் விரைவில் எதிரெதிராக வந்து மோதி ஒட்டிக்கொள்வதாகக் கொள்வோம். திசையை விட்டுவிட்டால் மோதலுக்கு முன் தொகை 6. மோதலுக்குப் பின் 0. திசையைக் கொண்டால் முன்னும் 0, பின்னும் 0. மோதல்கள் பற்றி வாலிசு, ரென், ஐகன்சு ஆகியோர் 1668, 1669-ஆம் ஆண்டுகளில் இலண்டன் அரச கழகத்திற்கு அளித்த ஆய்வுகள் இச்சிக்கலைத் தெளிவாக்கின. நியூட்டன் 1687-இல் வெளியிட்ட பிரின்சிப்பியாவில், இயக்கத்தின் அளவு என்பது பொருளின் அளவும் திசைவேகமும் சேர்ந்து தருவது என இரண்டாவது வரையறையிலேயே கூறினார். அவரது இரண்டாம் விதியும் முடுக்கத்தைப் பற்றிப் பேசாமல் இயக்கத்தின் மாற்றத்தைப் பற்றியே பேசுகிறது என்பது குறிப்பிடத்தக்கது.

சொல்லாக்க முயற்சிகள்

அறிவியலைத் தமிழில் கற்பிக்கும் முயற்சி யாழ்ப்பாணத்தில் 1823-இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியிலும், பின்னர் மருத்துவர் கிறீன் மேற்கொண்ட மருத்துவ நூலாக்கத்திலும் வேர்கொண்டது. தமிழகத்தில் 1916-ஆம் ஆண்டு சேலத்தில் இராசாசி, வெங்கடசுப்பையர் ஆகியோரின் முயற்சியால் அறிவியற் சொற்களுக்கெனச் சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. 1932-இல் சென்னை அரசு கலைச்சொற் பட்டியலை வெளியிட்டது. 1934-இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் இ.மு. சுப்பிரமணிய பிள்ளையின் உழைப்பால் சொல்லாக்கத்தை இயக்கமாகவே நடத்தியது. அதன் சார்பில் 1936-இல் சென்னையில் நடைபெற்ற சொல்லாக்க மாநாட்டிற்கு விபுலாநந்த அடிகள் தலைமை தாங்கினார். 1938-இல் 'கலைச்சொற்கள்' தொகுதி வெளிவந்தது.

விபுலாநந்தர் இலங்கையைச் சேர்ந்தவர், அறிவியற் பட்டதாரி, மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். இரு நாட்டுத் தமிழரும் ஒரே கலைச்சொல்லைப் பயன்படுத்தும் வாய்ப்பு அன்று இருந்தது என்பதற்கு அம்மாநாட்டின் தலைமையே சான்றாகும். ஆயினும் பின்னர் இரு நாடுகளும் தத்தம் பாடநூல்களைத் தனித்தனியே உருவாக்கின. இலங்கையில் 1950, 1960-களில் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. தமிழகத்தில் 1960-களில் கல்லூரித் தமிழ்வழிக் கல்வியும், 1970-இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமும் தோன்றின. இப்பிரிவின் விளைவை ஒரே பாடத்தில் காணலாம்.

ஒன்றாக நின்ற சொல், பிரிந்த துணைச்சொற்கள்

இரு நாட்டுப் பாடநூல்களிலும் 'உந்தம்' மாறாமல் நிலைபெற்றது; 'விசை'யும் 'வேலை'யும் அவ்வாறே. ஆனால் உந்தத்தை வரையறுக்கத் தேவையான சொற்கள் வேறுபட்டன. தமிழகம் 'நிறை' என்பதை இலங்கை 'திணிவு' என்கிறது. தமிழகத்தின் 'எடை' இலங்கையில் 'நிறை'. தமிழகத்தின் 'திசைவேகம்' இலங்கையில் 'வேகம்'. தமிழகத்தின் 'வேகம்' இலங்கையில் 'கதி'. இவ்வாறே நிலைமம் – சடத்துவம், முடுக்கம் – ஆர்முடுகல், ஆற்றல் – சக்தி, திறன் – வலு என இணைகள் நீளுகின்றன.

இவற்றுள் 'முடுக்கம் – ஆர்முடுகல்' போன்ற இணைகள் இடர் தருவன அல்ல. ஒரு சொல் அறியப்படாவிடின் மாணவர் கேட்டறிவார். முடுகு என்பது தொல்காப்பியர் கூறும் இருபது வண்ணங்களுள் ஒன்றின் பெயராகவும் இருத்தலின், அச்சொல் தமிழாசிரியர்க்கும் எளிதில் விளங்கும். இடர் தருவன ஒரே சொல் இரு பொருளில் வழங்கும் இடங்களே. 'நிறை', 'வேகம்' ஆகிய இரண்டும் அத்தகையன. அவை இரண்டும் உந்தத்தின் வரையறையிலேயே இடம்பெறுகின்றன.

உந்தம் என்பது நிறையை வேகத்தால் பெருக்கி வருவது என ஒருவர் எழுதினால், யாழ்ப்பாண வழக்கில் அது பொருளின் எடையைத் திசைவேகத்தால் பெருக்குவதாகும். சென்னை வழக்கில் பொருண்மையைத் திசையற்ற வேகத்தால் பெருக்குவதாகும். முன்னது நியூட்டனுக்கு மாறானது. பின்னது டெக்கார்ட்டின் பிழையை மீண்டும் கொண்டுவருவது. 60 கிலோகிராம் பொருண்மையுள்ள ஒருவர் நொடிக்கு 5 மீட்டர் திசைவேகத்தில் ஓடுகிறார் எனின், அவருடைய உந்தம் 300 கிலோகிராம் மீட்டர்/நொடி. எடையைக் கொண்டு கணக்கிட்டால், 60-ஐ 9.8-ஆல் பெருக்கிய 588 நியூட்டனை 5-ஆல் பெருக்கி 2940 என்னும் விடை வரும். இவ்விடை அளவில் மட்டும் தவறானதன்று. இதன் அலகு வாட். அதாவது, உந்தத்தைக் கணக்கிடப் புகுந்தவர் தமிழகம் திறன் என்றும் இலங்கை வலு என்றும் கூறும் வேறோர் அளவின் அலகில் வந்து நிற்கிறார். ஒரு சொல்லின் பொருள் மயக்கம் கணக்கை எங்குக் கொண்டு சேர்க்கும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

அழியா விதியின் பெயரும் இவ்வாறே பலவாகப் பிரிந்தது. தமிழகத்தில் 'உந்த அழிவின்மை விதி', 'உந்த மாறா விதி' என்பனவும், இலங்கையில் 'உந்தக் காப்பு விதி' என்பதும் வழங்குகின்றன. அழிவின்மை பொருளின் தன்மையைச் சுட்டுவது. மாறாமை தொகையைச் சுட்டுவது. காப்பு பேணப்படுதலைச் சுட்டுவது. புறவிசை செயல்படாத அமைப்பில் மொத்த உந்தத்தின் தொகை மாறாது என்பதே விதியாகலின், 'மாறா' என்பது கணக்கிற்கு மிக அணித்தாக நிற்கிறது எனலாம்.

சொற்பிறப்பு

உந்து என்னும் வினை தள்ளுதல், செலுத்துதல், எழும்புதல் முதலான பொருள்களில் பழந்தமிழில் பயின்று வருவது. உந்தி என்னும் பெயர் கொப்பூழையும் ஆற்றையும் நீர்ச்சுழியையும் குறிக்கும். திருவாசகத்தின் திருவுந்தியார் மகளிர் விளையாட்டொன்றின் பெயரால் அமைந்தது. இக்காலத்தில் பேருந்து, தானுந்து, மகிழுந்து, உந்துவிசை எனப் புதுச்சொற்கள் பலவற்றிற்கு இவ்வேர் இடம் தந்துள்ளது.

உந்து என்பதோடு அம் விகுதி சேர 'உந்தம்' பிறக்கிறது. உந்துதல் என்னும் தொழிற்பெயர் இருக்க, உந்தம் என வேறு பெயர் ஏன் வேண்டும் எனின், அழுத்துதல் – அழுத்தம், முடுக்குதல் – முடுக்கம் ஆகிய இணைகள் விடை தரும். தல் ஈறு செயலைக் காட்டுகிறது. இயற்பியலார் வழக்கில் அம் ஈறு அளவிடத்தக்க ஒன்றைக் காட்டுகிறது. யாரும் உந்தாத நிலையிலும் இயங்கும் பொருளுக்கு உந்தம் உண்டு என்பதை இவ்வேறுபாடு காக்கிறது. ஆயினும் வேர்ப்பொருள் 'தள்ளுதல்' ஆதலின், உந்தத்தை விசையாகவே கருதும் மயக்கம் எழ இடமுண்டு. விசை பொருளின்மேல் செயல்படுவது. உந்தம் இயங்கும் பொருள் கொண்டிருப்பது. விசை செயல்படும் நேரத்தால் விசையைப் பெருக்கினால் வருவது உந்த மாற்றம். அதற்குத் தமிழகம் 'கணத்தாக்கு' எனவும் இலங்கை 'கணத்தாக்கம்' எனவும் பெயரிட்டமை இவ்வெல்லைக்கோட்டைத் தெளிவாக்கும் நற்சொல்லாக்கமாகும்.

ஒரே வளாகத்தில் நான்கு சொற்கள்

அந்தமானில் புழங்கும் பிற கல்விமொழிகளோடு ஒப்பிடும்போது உந்தத்தின் தனித்தன்மை மேலும் விளங்கும். வங்காளத்தில் இதற்கு 'பரவேக்' என்பது சொல். 'பர' என்பது பொருண்மை. 'வேக்' என்பது திசைவேகம். தெலுங்கில் 'திரவியவேகம்', திரவியராசி என்பது அங்குப் பொருண்மை. இவ்விரு சொற்களும் வரையறையைத் தம்முள்ளேயே கொண்டுள்ளன. பெயரைச் சொன்னாலே எவற்றைப் பெருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. இந்தியில் 'சம்வேக்' என்பது வேகத்தோடு முன்னொட்டைச் சேர்த்து அமைந்தது. இம்மூன்றும் வேகம் என்னும் வடசொல்லையே அடிப்படையாகக் கொண்டவை. வைசேடிகர் கொண்ட குணப்பெயர் அவற்றில் தொடர்கிறது எனலாம்.

தமிழ் மட்டும் இவ்வழியினின்று விலகி, பொருளின் அளவையோ விரைவையோ சொல்லாமல், அது பிறிதொன்றின்மேல் ஆற்றக்கூடிய செயலைச் சொல்கிறது. கணக்கிடும் மாணவர்க்கு வங்காளச் சொல் உதவும். மோதலின் விளைவை உணரும் மாணவர்க்குத் தமிழ்ச் சொல் உதவும். பெயரிலேயே வரையறை அமையாத காரணத்தால், தமிழில் வரையறை வாய்பாட்டின் சொற்கள் ஐயமின்றி இருத்தல் பிற மொழிகளைவிட மிகுதியும் இன்றியமையாததாகிறது. துணைச்சொற்கள் பிரிந்து நிற்பதன் இழப்பு இங்குத்தான் கூடுதலாகப் புலப்படுகிறது.

தீவின் எடுத்துக்காட்டுகள்

பாடநூல்கள் உந்தத்தை விளக்க இரயில் வண்டியையும் துப்பாக்கியின் பின்னடைவையும் காட்டுவது வழக்கம். அந்தமான் நிக்கோபாரில் இரயில் பாதை இல்லை. கடலும் படகும் தோணித்துறையுமே அங்குள்ள மாணவரின் அன்றாடக் காட்சி. 20 டன் பொருண்மையுள்ள படகு நொடிக்கு அரை மீட்டர் திசைவேகத்தில் துறையை அணுகினால் அதன் உந்தம் 10,000 கிலோகிராம் மீட்டர்/நொடி. அது 0.1 நொடியில் நின்றால் துறை தாங்கும் சராசரி விசை 1,00,000 நியூட்டன். துறையில் தொங்கவிடப்பட்ட பழைய டயர்கள் அமுங்கி, நிற்கும் நேரத்தை 2 நொடியாக நீட்டினால் விசை 5,000 நியூட்டனாகக் குறையும். உந்த மாற்றம் இரு நிலையிலும் ஒன்றே. நிக்கோபாரியரின் ஹோடி என்னும் பக்கமிதவைத் தோணியிலிருந்து ஒருவர் குதிப்பது அழிவின்மை விதிக்கு எடுத்துக்காட்டாகும். 100 கிலோகிராம் பொருண்மையுள்ள நிலைத்த தோணியிலிருந்து 50 கிலோகிராம் பொருண்மையுள்ளவர் கரை நோக்கி நொடிக்கு 2 மீட்டரில் குதித்தால், நீரின் தடையைக் கணக்கில் கொள்ளாவிடின், தோணி நொடிக்கு 1 மீட்டரில் பின்வாங்கும்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த ஆழிப்பேரலை இத்தீவுகளின் நினைவில் நீங்காதது. கச்சால் உள்ளிட்ட நிக்கோபார்த் தீவுகள் பேரிழப்புக்கு உள்ளாயின. இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனை ஏறத்தாழ 4.25 மீட்டர் தாழ்ந்தது. இடுப்பளவு நீரே மனிதரை வீழ்த்துவது ஏன் என்பதற்கு உந்தம் விடை தருகிறது. ஒரு கன மீட்டர் கடல்நீரின் பொருண்மை ஏறத்தாழ 1,025 கிலோகிராம். அது நொடிக்கு 5 மீட்டரில் வந்தால் அதன் உந்தம் 5,125 கிலோகிராம் மீட்டர்/நொடி. ஒரு சதுர மீட்டர்ச் சுவரின்மேல் ஒவ்வொரு நொடியும் இத்தகைய ஐந்து கன மீட்டர் நீர் வந்து மோதும். அந்நீர் முன்னோக்கிய இயக்கத்தை முற்றும் இழப்பதாகக் கொண்டால், சுவர் தாங்க வேண்டிய விசை 25,625 நியூட்டன். இது ஏறத்தாழ 2,600 கிலோகிராம் பொருண்மையின் எடைக்குச் சமம். நீரின் திசைவேகம் இருமடங்கானால் இவ்விசை நான்மடங்காகும்.

அந்நிலநடுக்கத்தின் பிளவு சுமத்ராவுக்கு அருகே தொடங்கி, நிக்கோபார், அந்தமான் வழியாக வடக்கு நோக்கி 1,200 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. அதனால் புவியின் பொருண்மைப் பரவல் சிறிது மாறியது. இதனால் ஒரு நாளின் நீளம் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 2.68 பங்கு குறைந்திருக்கும் என நாசா அறிவியலாளர் ரிச்சர்டு கிராசு கணக்கிட்டார். நேரடியாக அளந்தறிய இயலாத சிற்றளவு இது. கோண உந்தம் மாறாது என்னும் விதியைக் கொண்டு பெறப்பட்டது. 'கோண உந்தம்' என்பதும் தமிழகம், இலங்கை இரண்டிற்கும் பொதுவான சொல்லாகும்.

தொகுப்புரை

'உந்தம்' தமிழ்ச் சொல்லாக்கத்தின் வெற்றிகளுள் ஒன்று. பழந்தமிழ் வேர், சுருங்கிய வடிவம், கோண உந்தம், உந்த மாற்றம் எனத் தொகைகளாக விரியும் ஆற்றல், இரு நாட்டு ஏற்பு ஆகிய நான்கும் அதற்கு வாய்த்துள்ளன. ஆனால் ஒரு கலைச்சொல் தனித்து நின்று பயன் தருவதில்லை. அதனை வரையறுக்கும் சொற்கள் பிரிந்துவிட்டால், பொதுவாக உள்ள சொல்லும் மயக்கத்திற்கு இடமாகிறது. எனவே கலைச்சொற்களைத் தனித்தனியே தரப்படுத்துவதைவிட, ஒரு வாய்பாட்டில் ஒன்றாக வரும் சொற்களைத் தொகுதியாகக் கொண்டு தரப்படுத்துதல் ஏற்புடையது.

அதுவரை, தமிழ்வழிப் பாடநூல்கள் 'நிறை', 'வேகம்' ஆகிய இரண்டு சொற்களுக்கேனும் மற்ற நாட்டு வழக்கை அடைப்பிலோ அடிக்குறிப்பிலோ தருதல் வேண்டும். 'திணிவு', 'திசைவேகம்' ஆகியன ஒவ்வொன்றும் ஒரு பொருளையே உடையன ஆதலின், திணிவைத் திசைவேகத்தால் பெருக்கி வருவது உந்தம் என இரு வழக்கிலிருந்தும் ஒவ்வொன்றை எடுத்துக்கொள்வதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. அவ்வரையறையை யாழ்ப்பாணத்தில் படித்தாலும் சென்னையில் படித்தாலும் கச்சாலில் படித்தாலும் விடை 300 என்றே வரும்.